வாசல் மணியில் அப்பாவின் பெயர்

வடகோடிக் குறிப்புகள் – 14

என் அப்பா ஓஸ்லோவுக்கு வந்ததே இல்லை. குளிர் என்றால் மார்கழி, அவ்வளவுதான் என்று நினைத்தே வாழ்ந்து முடித்தவர். ஆனால் எங்கள் அடுக்ககத்தின் வாசல் மணிப் பலகையில் அவர் பெயர்தான் இருக்கிறது. தபால் பெட்டியிலும் அவர்தான். நூலகப் பதிவில் முதலில் அவர், காற்புள்ளிக்குப் பிறகு நான்.

தபால் பெட்டியில் பெயர் ஒட்டாதவருக்கு இங்கே கடிதம் வந்து சேராது என்று சென்ற வாரம் ஒரு வரி எழுதியிருந்தேன். இந்த வாரம் அந்தப் பெயரைப் பற்றியே எழுத வேண்டியதாகிவிட்டது. நம் ஊரில் அப்பா ஒரே ஓர் எழுத்து. பெயருக்கு முன்னால் ஒரு புள்ளியோடு அடக்கமாக நிற்பார். கடவுச்சீட்டு வாங்கும்போது அந்த எழுத்து விரிந்து முழுப் பெயராகிறது. விமானம் ஏறி இங்கே இறங்கியதும் அதுவே குடும்பப் பெயராகி, நம்மை முந்திக்கொண்டு முன்னால் போய் நிற்கிறது.

நார்வேக்காரர்களுக்கு இதெல்லாம் புரியாது என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு காலத்தில் அவர்களும் நம்மைப் போலத்தான். ஹான்ஸின் மகன் ஊலெ என்றால் அவன் ஊலெ ஹான்சென். அந்த ஊலெயின் மகன்கள் ஊல்சென். தலைமுறைக்குத் தலைமுறை பெயர் நகர்ந்துகொண்டே போகும். நகரத்தில் பலர் அதை முன்பே நிறுத்திவிட்டார்கள். மற்றவர்களை 1923-ல் வந்த பெயர்ச் சட்டம் நிறுத்தியது: குடும்பத்துக்கு ஒரே பெயர், அதுவே பரம்பரைக்கும். ஏதோ ஒரு தலைமுறையின் அப்பா அப்படியே உறைந்துபோனார். இன்று ஓஸ்லோ முழுக்க நடமாடும் ஹான்சென்களும் ஊல்சென்களும் யோஹான்சென்களும், நூறு வருடத்துக்கு முந்தைய யாரோ ஒருவருடைய இனிஷியல்கள்தான்.

இன்னொரு வேடிக்கை. 200 பேரோ அதற்கும் குறைவாகவோ வைத்திருக்கும் குடும்பப் பெயருக்கு இன்றைய சட்டத்தில் பாதுகாப்பு உண்டு. புதிதாக ஒருவர் அதைச் சூட்டிக்கொள்ள விரும்பினால், வைத்திருப்பவர்கள் எல்லோரும் சம்மதிக்க வேண்டும். நம் ஊரில் தெருவுக்கு நாலு பேர் வைத்திருக்கும் பெயர், இங்கே வந்ததும் குலச்சொத்து.

பெயர்ப் புராணம் போதும். விஷயம் மாணவர்களைப் பற்றியது.

சனிக்கிழமைகளில் ஓஸ்லோவின் கிழக்கே, குரூருத் பள்ளத்தாக்குப் பக்கம் தமிழ் வகுப்புக்குப் பிள்ளைகளை விட்டுவிட்டுப் பெற்றோர் காத்திருப்பார்கள். பிளாஸ்கில் தேநீர் கொண்டுவந்து அவர்களோடு உட்காருவது என் வழக்கம். இரண்டு வருடமாக அந்த மேசைக்குப் பல்கலைக்கழகப் பிள்ளைகளும் வர ஆரம்பித்திருக்கிறார்கள். விண்ணப்பக் கடிதத்தைப் படித்துப் பாருங்கள், லிங்க்ட்இன் பக்கத்தைப் பாருங்கள் என்று கேட்பார்கள். ஒரு தொழில்நுட்பமும் தெரியாத ஆசாமி நான். எழுத்துப் பிழை பார்க்கத் தெரியும். அந்த ஒரு தகுதியில்தான் இந்த உத்தியோகம்.

போன மாதம் இருவர் வந்தார்கள். ஒருவர் கோவைப் பக்கத்திலிருந்து முதுகலை படிக்க வந்தவர், ஓஸ்லோ பல்கலைக்கழகம். இன்னொருவர் இங்கேயே பிறந்து வளர்ந்த யாழ்ப்பாணத்துப் பெண், ஓஸ்லோமெட்டில் கடைசி வருடம். ஓஸ்லோ பல்கலைக்கழகம் 1811-ல் தொடங்கியது. ஓஸ்லோமெட் பல்கலைக்கழகம் என்ற தகுதியைப் பெற்றது 2018-ல். கேள்வி இருவருக்கும் ஒன்றுதான்: கூகுளில் என் பெயரைத் தேடினால் என்ன வர வேண்டும்?

கோவைத் தம்பியின் பிரச்சினை, அவருடைய பெயரில் ஆயிரம் பேர் இருப்பது. "ஏனுங்ண்ணா, என்னைத் தேடுனா சென்னைல ஒரு பல் டாக்டர் வர்றாருங்க" என்றார். அந்தப் பெண்ணின் பிரச்சினை நேர் எதிர். உலகத்திலேயே அந்தப் பெயரில் அவர் ஒருவர்தான் இருப்பார் போலிருந்தது. பதினான்கு வயதில் எங்கோ எழுதிய கருத்து முதல், பள்ளிக் கைப்பந்தாட்டத் தரவரிசை வரை எல்லாம் அவருடையதே. பெயர் நீளமாகவும் அபூர்வமாகவும் இருந்தால் ஒளிந்துகொள்ள இடமில்லை.

இருவரிடமும் நான் முதலில் கேட்டது, தேடுபொறியில் வராத விஷயங்களைப் பற்றி. இந்த நாட்டில் நம்மைப் பற்றி நாம் எழுதுவதற்கு முன்பே அரசாங்கம் எழுதி வைத்துவிடுகிறது. 1964-ல் தொடங்கியது பிறப்பெண் முறை. மொத்தம் 11 இலக்கம். முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்த மூன்று தனி எண், கடைசி இரண்டு சரிபார்ப்புக்கு. ஒன்பதாவது இலக்கத்தைப் பார்த்தால் ஆணா பெண்ணா என்று சொல்லிவிடலாம். தற்காலிகமாக வந்தவருக்கு முதலில் கிடைப்பது டி-எண். அதில் முதல் இலக்கத்தோடு நான்கைக் கூட்டிவிடுவார்கள். 15-ம் தேதி பிறந்தவர் 55-ம் தேதி பிறந்தவர் ஆகிவிடுவார். அப்படி ஒரு தேதி இல்லாததே அடையாளம்: இவர் இன்னும் முழுசாக வந்து சேரவில்லை.

இந்த எண்ணின் தோளில்தான் பாங்க்ஐடி உட்கார்ந்திருக்கிறது. 2004-ல் வங்கிகள் சேர்ந்து தொடங்கிய மின் கையெழுத்து. ஐம்பத்தைந்து லட்சம் பேர் இருக்கும் நாட்டில் நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் இருக்கிறது. வரிக் கணக்கு, வீட்டுக் கடன், மருத்துவரின் குறிப்பு எல்லாவற்றுக்கும் அதுவே சாவி. பல்கலைக்கழகத்துக்குள் நுழைய இன்னொரு சாவி, ஃபைடே. பாடம், தேர்வு, மதிப்பெண் எல்லாம் அந்த ஒரே உள்நுழைவில்.

இங்கே ஒரு வீட்டுச் சங்கதியைச் சொல்லியாக வேண்டும். எங்கள் சமூகத்தில் பாங்க்ஐடி யாருடையது என்பது எப்போதுமே கொஞ்சம் மங்கலான விஷயம். அம்மாவின் கடவுச்சொல் மகளுக்குத் தெரியும். அப்பாவின் வரிப் படிவத்தை மகன் கையெழுத்திடுவான். பத்து வயதிலிருந்தே அலுவலகக் கடிதங்களை மொழிபெயர்த்த பிள்ளைகள் இவர்கள், வீட்டின் தாசில்தார் அவர்கள்தான். இதை நான் கேட்டபோது அந்தப் பெண்ணின் அம்மா, "அவளுக்குத்தான் எல்லாம் தெரியும், நான் நம்பரைக் குடுத்திட்டுப் பேசாம இருந்திடுவன்" என்றார், பெருமையாக. விதிப்படி குடும்பத்துக்குள்கூடப் பகிரக் கூடாது. அன்பினால் கொடுத்த சாவியைக் கொண்டு, கொடுத்தவர் பெயரிலேயே கடன் எடுக்கும் வழக்குகள் இந்த நாட்டில் நிறைய. லிங்க்ட்இன் படத்தில் டை கட்டலாமா வேண்டாமா என்பதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

நார்வேப் பள்ளிகளில் 2006 பாடத்திட்டத்திலிருந்து கணினித் திறன், வாசிப்பு எழுத்து கணக்கு வாய்மொழியோடு சேர்த்து ஐந்து அடிப்படைத் திறன்களில் ஒன்று. அங்கே அதிகம் புழங்கும் சொல் 'டோம்மெக்ராஃப்ட்'. தீர்ப்பிடும் ஆற்றல். விவேகம் என்று நான் மொழிபெயர்த்துக்கொள்கிறேன். இங்கே பள்ளி முடித்த பிள்ளைக்கு அந்தச் சொல் காதில் விழுந்திருக்கும். கோவையிலிருந்து நேராக முதுகலைக்கு வந்தவருக்கு யாரும் சொன்னதில்லை. அவரிடம் பைத்தான் இருந்தது, இயந்திரக் கற்றல் இருந்தது. ஆனால் இந்த நாட்டில் தன்னைப் பற்றி எதெல்லாம் திறந்து கிடக்கிறது என்று தெரியவில்லை.

திறந்து கிடப்பது கொஞ்சமல்ல. ஒவ்வொரு வருடமும் வரிப் பட்டியல் வெளியாகிறது. பக்கத்து வீட்டுக்காரரின் வருமானம், சொத்து, கட்டிய வரி மூன்றையும் யாரும் பார்க்கலாம். 2014 முதல் ஒரு திருத்தம்: யார் பார்த்தார்கள் என்பதைப் பார்க்கப்பட்டவரும் பார்க்கலாம். வேவு பார்ப்பவரை வேவு பார்க்கும் ஏற்பாடு. அதற்குப் பிறகு கல்யாணத் தரகு விசாரணைகளில் ஒரு பதற்றம் வந்துவிட்டதாகக் கேள்வி. அரசு வேலைக்கு விண்ணப்பித்தால் விண்ணப்பித்தவர் பட்டியலையும் கேட்டு வாங்கலாம்: பெயர், வயது, தொழில், ஊர். தகுந்த காரணம் சொல்லி விலக்குக் கேட்கலாம், கிடைப்பது நிச்சயமில்லை. இந்த வேலைக்குப் போட்டிருக்கிறேன், யாருக்கும் சொல்லாதீர்கள் என்று நம் ஊரில் சொல்வோமே, அது இங்கே அவ்வளவு சுலபமில்லை.

மூன்றாவதாகத் திறந்து கிடப்பதுதான் மாணவர்களுக்கு முக்கியம் என்று எனக்குப் படுகிறது. ஆய்வேடு. ஓஸ்லோ பல்கலைக்கழகத்துக்கு டூவோ என்றொரு இணையக் காப்பகம் உண்டு. முதுகலை ஆய்வேடுகள் அங்கே திறந்த நிலையில் இருக்கும், யாரும் இறக்கிப் படிக்கலாம். மற்றப் பல்கலைக்கழகங்களுக்கும் இப்படி உண்டு. நம் ஊரில் ஆய்வேடு கறுப்பு அட்டை, தங்க எழுத்து, பிறகு துறைத் தலைவர் அறை அலமாரி. அங்கே அதைத் திறப்பவை கரையான்கள் மட்டும்தான். இங்கே பத்து வருடம் கழித்தும் யாராவது திறக்கலாம்.

திறந்தார்கள். 2024 ஜனவரியில் நடந்தது இது. அதற்கு முன்னால் வேறொரு கதை ஓடிக்கொண்டிருந்தது. தேர்வில் தோற்ற ஒரு மாணவி, மறுபடி எழுதும்போது தன் பழைய விடைத்தாளின் பகுதிகளையே திரும்பப் பயன்படுத்தினார். தன்னைத் தானே நகலெடுத்ததாக அவரைப் படிப்பிலிருந்து நீக்கி வைத்தார்கள். வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போய், மாணவி ஜெயித்தார். அரசு விடவில்லை, உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. உயர்கல்வி அமைச்சராக இருந்தவர் சான்ட்ரா பொர்க். சொந்த எழுத்தைத் திருப்பி எழுதிய பெண்ணை இவ்வளவு துரத்துகிறார்களே என்று ஒரு மாணவருக்கு எரிச்சல் வந்தது. அமைச்சரின் ஆய்வேட்டை எடுத்துப் படித்தார். 2014-ல் ட்ரொம்சோவில் எழுதியது, எண்ணெய்த் துறைப் பாதுகாப்பு விதிகளைப் பற்றிய சட்ட ஆய்வேடு. அதில் மற்ற மாணவர்களின் ஆய்வேட்டுப் பத்திகள் மேற்கோள் குறிப்பில்லாமல் இருந்தன. எழுத்துப் பிழைகளும் அப்படியே வந்திருந்தன.

எழுத்துப் பிழை பார்க்கும் உத்தியோகத்தில் இருப்பவனுக்கு இந்தக் கடைசி விவரம் தரும் சந்தோஷத்தை மறைக்க முடியவில்லை. கருத்தைத் திருடியவன் தப்பலாம், பிழையைத் திருடியவன் தப்ப முடியாது. செய்தி வெளியான ஜனவரி 19 அன்றே அமைச்சர் மன்னிப்புக் கேட்டுப் பதவி விலகினார். அதோடு ஓயவில்லை. பத்திரிகைகள் மற்ற அமைச்சர்களின் ஆய்வேடுகளையும் புரட்டின. சுகாதார அமைச்சர் இங்வில்ட் ஷெர்கோலின் முதுகலை ஆய்வேட்டை நூர்ட் பல்கலைக்கழகம் செல்லாது என்று அறிவித்தது. ஏப்ரலில் அவரும் போனார்.

நம் ஊரில் இதற்கெல்லாம் பதவி விலகுவார்களா என்று வழக்கம்போல ஒப்பிட்டுப் பெருமூச்சு விடுவது சுலபம், அதை வாசகர்களுக்கே விட்டுவிடுகிறேன். என் கவனம் அந்த மாணவர்மேல். அவர் கையில் இருந்தது ரகசிய ஆவணம் இல்லை. எல்லோருக்கும் திறந்திருந்த ஆய்வேடு, சந்தேகத்தோடு வரிகளை ஒப்பிட்டுப் பார்க்கும் பொறுமை, கண்டதை ஆதாரத்தோடு எழுதும் பழக்கம். கல்லூரி நூலகத்தில் முதல் வருடம் சொல்லிக் கொடுக்கும் சமாசாரம். பெர்கன், ஓஸ்லோ பல்கலைக்கழக நூலகங்கள் சேர்ந்து நடத்தும் 'தேடு, எழுது' என்ற வழிகாட்டிகூட இதைத்தான் சொல்கிறது: எங்கே எடுத்தாய், அதைச் சொல். எழுதும் இயந்திரங்கள் வந்தபிறகு ஓஸ்லோ பல்கலைக்கழகம் 2023-ல் மாணவர்களின் தரவு வெளியே போகாதபடி தனக்கென்றே ஓர் உரையாடல் கருவியைத் திறந்தது. கருவி மாறியது. எங்கே எடுத்தாய் என்ற கேள்வி மாறவில்லை.

இனி லிங்க்ட்இன். கோவைத் தம்பியின் பக்கத்தைத் திறந்தால், தலைமைப் பண்பு கொண்ட, புதுமையில் தீராத வேட்கை கொண்ட, மாற்றத்தை முன்னெடுக்கும் ஒருவர் நின்றிருந்தார். என் எதிரே தேநீரை ஊதிக் குடித்துக்கொண்டிருந்த ஆளுக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை. யாழ்ப்பாணத்துப் பெண்ணின் பக்கத்திலோ பெயர், படிப்பு, அவ்வளவுதான். இரண்டு வருடம் முதியோர் இல்லத்தில் வார இறுதி வேலை பார்த்ததைக்கூட எழுதவில்லை. கேட்டால், "அதெல்லாம் பெருசாச் சொல்லக் கூடாது அங்கிள்" என்றார்.

அது யாழ்ப்பாணம் பேசியதா, நார்வே பேசியதா என்று எனக்குச் சந்தேகம். இங்கே யாந்தெலோவன் என்றொன்று உண்டு. டென்மார்க்கில் பிறந்து நார்வேக்குக் குடியேறிய ஆக்செல் சான்டெமூசெ 1933-ல் எழுதிய நாவலில், யாந்தே என்ற கற்பனை ஊருக்கு வகுத்த பத்துக் கட்டளைகள். நீ பெரிய ஆள் என்று நினைக்காதே என்பதையே பத்து விதமாகச் சொல்பவை. ஊரைக் கிண்டல் செய்ய எழுதினார், ஊர் அதையே தன் குணமாக ஏற்றுக்கொண்டது. இந்த மண்ணில் வேலைக்கு எடுப்பவரின் முன் புதுமையில் தீராத வேட்கை என்றால், அவர் மெல்லச் சிரித்துவிட்டு அடுத்த விண்ணப்பத்துக்குப் போய்விடுவார்.

ஆனால் ஒன்றுமே சொல்லாவிட்டாலும் வேலை கிடைக்காதே. இந்த இக்கட்டுக்கு நான் நம்பும் வழிகாட்டி நன்னூல். சிரிக்க வேண்டாம். பவணந்தி முனிவர் சுமார் 13-ம் நூற்றாண்டில் பாயிரத்திலேயே இதைத் தீர்த்து வைத்துவிட்டார். எத்தனை பெரிய நூல் செய்தாலும் அதற்குத் தானே புகழ்ந்து முன்னுரை எழுதிக்கொள்வது தகாது. எழுத உரியவர்கள் நால்வர்: ஆசிரியர், உடன் படித்தவர், மாணவர், உரைகாரர். நார்வே வேலைச் சந்தையில் விண்ணப்பத்தின் அடியில் கொடுக்கும் 'ரெஃபரான்சர்' இதே ஏற்பாடுதான். நேர்காணல் முடிந்தபிறகு உங்கள் பேராசிரியரையோ பழைய மேலாளரையோ உண்மையிலேயே தொலைபேசியில் அழைத்துக் கேட்பார்கள்.

அத்தோடு பவணந்தியார் விதிவிலக்கும் வைத்தார். நான்கு இடங்களில் புலவன் தன்னைத் தானே புகழலாம். அரசவைக்கு ஓலை எழுதும்போது. தன் ஆற்றல் தெரியாதவர் நடுவே. சபையில் வாதிட்டு வெல்ல வேண்டிய நேரத்தில். எதிராளி தன்னை இழித்துப் பேசும்போது. முதலாவது விண்ணப்பக் கடிதம். இரண்டாவது, அப்பட்டமாக, லிங்க்ட்இன். அந்தப் பெண்ணிடம் இதைச் சொன்னபோது கைபேசியில் குறித்துக்கொண்டார். முதியோர் இல்லம் அன்றைக்கே பக்கத்தில் ஏறியது, வேட்கை எதுவும் இல்லாமல்: இத்தனை மாதம், இந்த வேலை, இரவுப் பணியும் உண்டு.

நான்காவது இடத்தைப் பற்றி அவர் தனியாகக் கேட்டார். எதிராளி நேரில் வந்து இழித்துப் பேசாமல், பெயரைப் பார்த்ததுமே காகிதத்தை நகர்த்தி வைத்தால்?

2012-ல் ஓஸ்லோவில் ஆர்ன்ஃபின் மித்போயென், யூன் ரூக்ஸ்தா என்ற இரு ஆய்வாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். உண்மையான வேலை விளம்பரங்களுக்குச் சுமார் 1,800 கற்பனை விண்ணப்பங்கள், இரண்டிரண்டாக. தகுதி ஒன்று, அனுபவம் ஒன்று, பெயர் மட்டும் வேறு: ஒன்று நார்வேப் பெயர், மற்றது பாகிஸ்தானியப் பெயர். பின்னதற்கு நேர்காணல் அழைப்பு வரும் வாய்ப்பு ஏறக்குறைய 25 சதவீதம் குறைவு. இதைத் தெரிந்துகொண்டு, பெயரை மாற்றாதே, அதுதான் உன் அடையாளம் என்று வீரவசனம் பேச எனக்கு வாய் வரவில்லை. வாடகை கட்டுவது அவர்.

பெயரைச் சுருக்கினால் என்ன என்று கேட்டார். அம்மாவின் முகம் மாறிவிட்டது. "அம்மம்மாட பேரையும் சேத்து வைச்சனாங்கள், இப்ப வெட்டப் போறியோ?" எனக்கு நினைவுக்கு வந்தவர் கம்சாயினி குணரட்ணம். யாழ்ப்பாணத்தில் பிறந்து மூன்று வயதில் நார்வேயின் வட கோடிக்கு வந்தவர், 2011-ல் உத்தோயா தீவுப் படுகொலையில் நீந்தித் தப்பியவர், 2015-ல் ஓஸ்லோவின் துணை மேயர், 2021 முதல் நாடாளுமன்ற உறுப்பினர். ஊர் அவரைக் கம்சி என்கிறது. சட்டப்படியான இடங்களில் முழுப் பெயரும் அப்படியே இருக்கிறது. கூப்பிட ஒன்று, எழுத ஒன்று. நம் வீடுகளில் பாப்பா, ராசாத்தி என்று கூப்பிட்டுவிட்டு ரேஷன் அட்டையில் வேறு எழுதவில்லையா?

எந்தப் பெயரானாலும் ஒன்றையே, ஒரே எழுத்துக்கூட்டலில் எல்லா இடத்திலும் எழுத வேண்டும் என்பதில் மட்டும் நான் கறார். ஆய்வேட்டில் ஒன்று, லிங்க்ட்இன்னில் ஒன்று, மின்னஞ்சலில் ஒன்று என்றால் மூன்று பாதி மனிதர்கள்தான் கிடைப்பார்கள். ஆய்வுப் பக்கம் போகிறவர்களுக்கு 2012-லிருந்து ஆர்க்கிட் எண் இருக்கிறது. பூவின் பெயர்போல ஒலிக்கும், ஆனால் 16 இலக்கம். பெயர் எத்தனை முறை மாறினாலும் எண் மாறாது. வேறு பெயர்களையும் அதிலேயே ஒரு பட்டியலாகச் சேர்த்துக்கொள்ளலாம். பல் டாக்டரும் நீங்களும் ஒருவழியாகப் பிரிந்துவிடுவீர்கள்.

அன்றே இருவருக்கும் பதிவு செய்தோம். அந்தப் பெண் முழுப் பெயரையும் அடித்தார், அம்மம்மா உட்பட. 'வேறு பெயர்கள்' இடத்தில் நண்பர்கள் கூப்பிடும் சுருக்கத்தைச் சேர்த்தார். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, தேநீருக்குச் சர்க்கரை போதுமா என்று கேட்டார். சமாதானம் என்று எடுத்துக்கொண்டேன்.

கோவைத் தம்பி படிவத்தின் இரண்டாவது கட்டத்தில் நின்றுவிட்டார். முதல் பெயர் கட்டாயம். குடும்பப் பெயர் விருப்பம் இருந்தால் மட்டும். இந்த நாட்டுக்கு வந்ததிலிருந்து அவரை அப்பா பெயர் கேட்காத படிவம் இதுதான் முதல்.

"காலியா விட்டுறலாம்" என்றேன். அவருடைய கட்டுரை ஒன்று வரப்போகிறது. மேற்கோள் காட்டுகிறவர்கள் அப்பா பெயரை மட்டும்தான் போடுவார்கள் என்று அரை மணி நேரத்துக்கு முன்புதான் புலம்பியிருந்தார்.

கொஞ்சம் யோசித்தார். பிறகு அப்பாவின் பெயரை ஒவ்வோர் எழுத்தாக, சரிபார்த்து அடித்தார்.

"விட்டுட்டா அவரு கேப்பாருங்ண்ணா. ஃபீஸ் கட்டுனது அவரு."

(தொடரும்)